மருந்து விலையை நிர்ணயிப்பது டெல்லி, செலவை ஏற்பது மாநிலம்: சித்தூர், திருப்பதி நோயாளிகள் மீது எஞ்சும் சுமை எது?

திருப்பதி: அத்தியாவசிய மருந்து ஒன்றின் உச்சவரம்பு விலை சித்தூரிலும் வேலூரிலும் ஒன்றுதான். ஆனால், அந்த மருந்துக்கான பணத்தை யார் செலுத்துவது என்பது மாநில எல்லையைத் தாண்டும்போது மாறிவிடுகிறது. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசின் ஆணையத்திடமும், ஏழை நோயாளியின் சிகிச்சைச் செலவை ஈடுசெய்யும் பொறுப்பு பெருமளவு மாநில அரசிடமும் இருப்பதே இதற்குக் காரணம்.

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் தமிழகத்தை ஒட்டியுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த இரு ஏற்பாடுகளும் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி எங்கே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிகாரம் யாரிடம்?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருந்துகளும் விலைக் கட்டுப்பாடும் பொதுப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. விலைக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படையாக அமைவது 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம். அதன் 3-ஆவது பிரிவின் கீழ் 1970, 1979, 1987, 1995, 2013 ஆகிய ஆண்டுகளில் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன.

1979-ஆம் ஆண்டு ஆணையின் கீழ் 347 மூல மருந்துகள் கட்டுப்பாட்டில் இருந்தன. இந்த எண்ணிக்கை 1987-இல் 142 ஆகவும், 1995-இல் 74 ஆகவும் சுருங்கியது. அத்தியாவசிய மருந்துகள் கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2003-இல் அறிவுறுத்தியது. அதன் பின்னர் நீண்ட காலம் நடந்த விவாதங்களின் முடிவில், தற்போது நடைமுறையில் உள்ள ஆணை 2013 மே 15-ஆம் தேதி வெளியானது. அதைச் செயல்படுத்தும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 1997 ஆகஸ்டில் அமைக்கப்பட்டதாகும்.

உச்சவரம்பு விலை கணக்கிடப்படுவது எப்படி?

2013-க்கு முன்பு, உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு அதன் மீது குறிப்பிட்ட விகிதத்தைச் சேர்த்து விலை முடிவு செய்யப்பட்டது. தற்போதைய முறை சந்தை விலையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு மருந்தின் விற்பனையில் 1 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்துள்ள அனைத்து நிறுவனங்களும் சில்லறை விற்பனையாளருக்குக் கொடுக்கும் விலையின் சராசரி கணக்கிடப்படும். அதனுடன் விற்பனையாளரின் லாபமாக 16 சதவீதம் சேர்க்கப்படும். அதுவே உச்சவரம்பு விலை. இதன் மீது ஜிஎஸ்டி தனியாக விதிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாத்திரை அட்டையை மூன்று நிறுவனங்கள் முறையே 10, 20, 60 ரூபாய்க்கு விற்பனையாளருக்குத் தருவதாகக் கொள்வோம். சராசரி 30 ரூபாய். 16 சதவீதம் சேர்த்தால் உச்சவரம்பு 34 ரூபாய் 80 காசு. 60 ரூபாய்க்குத் தந்த நிறுவனம் விலையைக் குறைத்தாக வேண்டும். 10 ரூபாய்க்குத் தந்த நிறுவனத்துக்குப் பாதிப்பில்லை. அதே வேளையில், மிக அதிக விலை வைத்திருக்கும் நிறுவனமே சராசரியையும் உயர்த்திவிடுகிறது. இந்த முறையைச் சுகாதார ஆர்வலர்கள் தொடர்ந்து எதிர்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எந்த மருந்துகளுக்கு உச்சவரம்பு பொருந்தும் என்பதை அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியல் தீர்மானிக்கிறது. 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில் 376 மருந்துகள் இருந்தன. 2022 செப்டம்பரில் வெளியான பட்டியலில் 34 மருந்துகள் சேர்க்கப்பட்டு, 26 நீக்கப்பட்டு, மொத்த எண்ணிக்கை 384 ஆனது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவரம்பு இல்லை. அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை 12 மாதங்களில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற நிபந்தனை மட்டுமே உண்டு. தொடக்க விலையை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம்.

பட்டியலிலுள்ள மருந்துகளின் உச்சவரம்பு, ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டெண்ணுக்கு ஏற்ப மாற்றப்படுகிறது. இதனால் அனுமதிக்கப்பட்ட உயர்வு 2022-இல் 10.76 சதவீதத்தையும் 2023-இல் 12.12 சதவீதத்தையும் எட்டியது. 2024-இல் உயர்வு ஏறக்குறைய இல்லை எனலாம். 2025-இல் அது 1.74 சதவீதமாக இருந்தது.

விலையை மிகவும் குறைத்தால் மருந்தே சந்தையிலிருந்து மறையும் ஆபத்தும் உண்டு. மூலப்பொருள்களின் விலை உயர்ந்து உற்பத்தி கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனங்கள் முறையிட்டதை அடுத்து, 2019 டிசம்பரில் 21 மருந்து வடிவங்களுக்கும், 2024 அக்டோபரில் 8 மருந்துகளின் 11 வடிவங்களுக்கும் உச்சவரம்பை ஆணையம் 50 சதவீதம் உயர்த்தியது. பெனிசிலின் ஊசி மருந்து, ஆஸ்துமாவுக்கான சால்புடமால் மாத்திரை, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற பழைமையான, விலை மலிவான மருந்துகள் 2024-ஆம் ஆண்டு உயர்வில் அடங்கும்.

ஆரோக்கியஸ்ரீ: மருந்தும் உள்ளடங்கிய தொகுப்பு

விலைக் கட்டுப்பாடு என்பது விற்பவர் வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகையைக் கூறுவது. அந்தத் தொகையையும் செலுத்த இயலாத குடும்பங்களுக்காக ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. முதலில் மகபூப்நகர், அனந்தபூர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், அதே ஆண்டு டிசம்பரில் அப்போதைய சித்தூர் மாவட்டத்துக்கும், 2008-இல் மாநிலம் முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

ஆட்சி மாற்றங்களுக்கு ஏற்ப, என்.டி.ஆர். வைத்திய சேவா, டாக்டர் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ, மீண்டும் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவா என்று திட்டத்தின் பெயர் மாறிவந்துள்ளது. அடிப்படை முறை மாறவில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கப்படுகிறது. மருத்துவர் கட்டணம், அறுவைச் சிகிச்சை, படுக்கை, பரிசோதனை, உணவு, உள்பொருத்தும் கருவிகள், மருந்துகள் ஆகிய அனைத்தும் அந்தக் கட்டணத்தில் அடங்கும். நோயாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. மருத்துவமனை முன் அனுமதி பெற்றுச் சிகிச்சை அளித்து, பின்னர் ஆவணங்களைச் சமர்ப்பித்து அறக்கட்டளையிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும்.

குடும்பத்துக்கான ஆண்டு உச்சவரம்பு 2023 டிசம்பரில் 5 லட்சம் ரூபாயிலிருந்து 25 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிகிச்சை முறைகளின் எண்ணிக்கை 2008-இல் இருந்த 942-லிருந்து 3,257 ஆகப் பெருகியுள்ளது. 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை, முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையிலான செலவைக் காப்பீட்டு நிறுவனம் வழியாகவும், அதற்கு மேல் 25 லட்சம் ரூபாய் வரையிலான செலவை அறக்கட்டளை வழியாகவும் ஏற்கும் கலப்பு முறைக்கு ஒப்புதல் அளித்தது.

திருப்பதியின் மருத்துவ வலைப்பின்னல்

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் இணைத்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. ஆயினும் உயர் சிகிச்சைக்கு இரு மாவட்ட மக்களும் பெரிதும் நம்பியிருப்பது திருப்பதி நகரையே. 1960-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த ருயா அரசு மருத்துவமனை, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 முதல் இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், எலும்பு மற்றும் மூட்டுச் சிகிச்சைக்கான பேர்ட் மருத்துவமனை, 2021-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மையம், டாடா அறக்கட்டளையின் ஆதரவில் அலிபிரி அருகே 2022 மே மாதம் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை இங்குள்ளன.

இவற்றில் சில அரசுடையவை. சில தேவஸ்தானம், அறக்கட்டளை ஆகியவற்றின் துணையுடன் நடப்பவை. எனவே மருந்துக்கான பணமும் பல வழிகளில் வருகிறது. அரசு மருத்துவமனையின் புறநோயாளிக்கு மாநில மருத்துவச் சேவைகள் கழகம் கொள்முதல் செய்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உள்நோயாளியின் செலவு திட்டத் தொகுப்பின் வழியே ஈடுசெய்யப்படுகிறது. இதயம், சிறுநீரகம், மூளை, புற்றுநோய் போன்ற கடும் நோய்களால் பாதிக்கப்பட்ட ஏழைகளுக்கு தேவஸ்தானத்தின் பிராணதான திட்டமும் கைகொடுக்கிறது.

தமிழக எல்லையோரத்தில் உள்ள நகரி, சத்தியவேடு, சூளூர்பேட்டை போன்ற ஊர்களின் மக்களுக்குச் சென்னை, வேலூர் மருத்துவமனைகளும் எட்டும் தொலைவில் உள்ளன. சென்னை, பெங்களூரு, ஐதராபாத் நகரங்களின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கு 2019 நவம்பர் 1 முதல் ஆந்திரத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. ஆனால், பட்டியலில் இடம்பெறாத மருத்துவமனைக்குச் செல்பவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலக் குடும்ப அட்டைதாரர்களுக்கானது என்பதால், அதன் பலனும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஸ்டென்ட் விலை உணர்த்தும் உண்மை

விலைக் கட்டுப்பாடும் தொகுப்புக் கட்டணமும் எவ்வாறு ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதற்கு இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கப் பொருத்தப்படும் ஸ்டென்ட் தெளிவான எடுத்துக்காட்டு. 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் உச்சவரம்பாக நிர்ணயிக்கப்பட்டன. அதற்கு முன்பு தனியார் மருத்துவமனைகளில் மருந்து தடவிய ஸ்டென்ட் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்கப்பட்டது.

தாமே பணம் செலுத்தும் நோயாளிக்கு இந்த ஆணையால் நேரடிப் பலன் கிடைத்தது. அரசுத் திட்டத்தின் பயனாளிக்கு இது வேறு வகையில் முக்கியத்துவம் பெறுகிறது. தொகுப்புக்குள் வரும் பொருளின் விலை குறைந்தால், அதே நிதியில் அரசு மேலும் பலருக்குச் சிகிச்சை அளிக்க முடியும்.

2018-இல் 27,890 ரூபாயாகக் குறைக்கப்பட்ட அந்த உச்சவரம்பு, ஆண்டுத் திருத்தங்களுக்குப் பின் 2025 ஏப்ரலில் 38,933 ரூபாயானது. தொகுப்புக் கட்டணங்களுக்கு இத்தகைய தானியங்கித் திருத்தம் இல்லை. அரசு தனியே ஆணை பிறப்பித்தால் மட்டுமே அவை மாறும். மருந்து, கருவிகளின் அனுமதிக்கப்பட்ட விலை ஆண்டுதோறும் உயர்ந்து, அவற்றுக்கு ஈடுசெய்யும் கட்டணம் பல ஆண்டுகள் மாறாதிருந்தால், இடைவெளியை யாரேனும் ஏற்றாக வேண்டும். மருத்துவமனை அதை ஏற்கலாம். இல்லையெனில் சிகிச்சையின் தரம் குறையலாம், அல்லது விதிக்கு மாறாக நோயாளியிடமே மருந்துச் சீட்டு நீட்டப்படலாம்.

நிலுவைத் தொகையும் மருந்துத் தட்டுப்பாடும்

கட்டணம் போதுமானதாக இருந்தாலும், அது உரிய காலத்தில் வராவிட்டால் விளைவு ஒன்றே. ஆந்திரத் தனியார் மருத்துவமனைகளின் சங்கம் நிலுவைத் தொகையைக் காரணம் காட்டி 2024-லும், மீண்டும் 2025 அக்டோபரிலும் திட்டச் சேவைகளை நிறுத்தியது. 2025-இல் நிலுவை 2,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதாகச் சங்கம் கூறியது. பேச்சுவார்த்தைக்குப் பின் சேவைகள் மீண்டும் தொடங்கின.

மருத்துவமனைகள் மருந்துகளைப் பெரும்பாலும் மொத்த விற்பனையாளர்களிடம் கடனாகப் பெறுகின்றன. அறக்கட்டளையிடமிருந்து பணம் தாமதமானால் மருந்து விற்பனையாளருக்கான கடனும் தேங்குகிறது. அதன் பாதிப்பு முதலில் தென்படுவது, விலை அதிகமான ஊசி மருந்துகள் வைக்கப்படும் அலமாரியில்தான். எனவே உரிய காலத்தில் பணம் வழங்குவதும் மருந்து விலைக் கொள்கையின் ஒரு பகுதியே எனலாம்.

தொகுப்புக்கு வெளியே நிற்பவர்கள்

திட்டத்தின் பாதுகாப்பு, மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளியை மையமாகக் கொண்டது. வீடு திரும்பும்போது 10 நாள்களுக்கான மருந்து வழங்கப்பட வேண்டும் என்பது ஆரோக்கியஸ்ரீயின் தொடக்ககால விதிகளிலேயே இடம்பெற்றது. குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு மட்டும், ஓராண்டு வரை பரிசோதனையும் மருந்தும் வழங்கும் தொடர் சிகிச்சைத் தொகுப்புகள் உருவாக்கப்பட்டன. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான மருந்துச் செலவு அடங்கும்.

நீரிழிவு, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா போன்றவை 15 நாள்களில் முடிபவை அல்ல. இத்தகைய நோயாளிக்கு மருத்துவமனையில் சேரும் தேவை எழாமலே போகலாம்; மருந்துச் செலவோ மாதந்தோறும் வரும். அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பு இருந்தால் அவருக்குச் செலவில்லை. இல்லாவிட்டால் கடையில் வாங்க வேண்டும். அந்தச் செலவை எந்தத் தொகுப்பும் திருப்பித் தருவதில்லை.

தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இது. எனினும் எஞ்சியுள்ள சுமையில் பெரும்பங்கு வகிப்பது மருந்துச் செலவே.

கொள்முதலில் தமிழகத்தின் வழி

புறநோயாளியின் மருந்துச் செலவைக் குறைப்பதில் உச்சவரம்பைக் காட்டிலும் கூடுதல் பலன் தருவது மொத்தக் கொள்முதல். தமிழக அரசு 1994-இல் நிறுவிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதற்கு முன்னோடி. மருந்துகளை நிறுவனத்தின் வணிகப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோருதல், ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்தல், மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கணினி வழியே கண்காணித்தல், மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் அளித்து ஒதுக்கீட்டுக்குள் தேவையானதைப் பெறச் செய்தல் ஆகியவை அதன் அடிப்படைகள். அட்டையிலேயே அரசு மருந்து, விற்பனைக்கு அல்ல என்று அச்சிடுவதால் வெளிச்சந்தைக்குக் கடத்துவதும் கடினமாகிறது.

ராஜஸ்தான், கேரளம், ஆந்திரம் உள்ளிட்ட மாநிலங்களும் மையக் கொள்முதல் கழகங்களை நடத்துகின்றன. இருப்பினும் ஒப்பந்தப்புள்ளியில் மருந்தின் விலை எவ்வளவு குறைந்தாலும், வழங்குநருக்குப் பணம் தாமதமானால் அந்த விலைக்கு மருந்து வந்து சேராது. மையக் கொள்முதலின் வெற்றியும் உரிய காலத்தில் பணம் வழங்குவதையே சார்ந்துள்ளது.

பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகள்

டெல்லி மற்றும் சுற்றுப்புறத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆராய்ந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள சில பொருள்களில் லாப விகிதம் 1,700 சதவீதத்தையும் தாண்டியதை அது சுட்டிக்காட்டியது. 2019 பிப்ரவரியில், பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வர்த்தக லாபம் 30 சதவீதமாக வரையறுக்கப்பட்டது.

காப்புரிமை பெற்ற புதிய மருந்துகள் மற்றொரு சவால். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்ஸாவர் மருந்துக்கு ஒரு மாதத்துக்கு சுமார் 2.80 லட்சம் ரூபாய் செலவான நிலையில், 2012 மார்ச்சில் ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. அந்நிறுவனம் 8,880 ரூபாய்க்கு மருந்தை விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அதுவே. சந்தை விலைச் சராசரி எட்ட முடியாத இடத்தில் வேறு சட்டங்கள் துணைபுரியக் கூடும் என்பதை அது காட்டியது.

வரியும் ஒரு கருவி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு வரி முற்றிலும் நீக்கப்பட்டது.

அண்டை நாடும் இங்கிலாந்தும்

இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971-இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, மூலப்பெயரில் மொத்தமாக மருந்து வாங்கும் முறை வேரூன்றியது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான ஒழுங்குமுறை அதிகார சபை செயல்படத் தொடங்கிய பின், 2016-இல் 48 மருந்துகளுக்கு அதிகபட்ச விலை விதிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1999-இல் உருவான நைஸ் என்ற நிறுவனம், புதிய மருந்து நோயாளிக்குத் தரும் பலன் அதன் விலைக்கு ஈடாக உள்ளதா என மதிப்பிடுகிறது. அது பரிந்துரைக்கும் மருந்தின் செலவைத் தேசியச் சுகாதாரச் சேவை ஏற்றாக வேண்டும். அங்கே மருந்தின் விலையைப் பற்றிய முடிவும் அதன் செலவை ஏற்கும் முடிவும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் இவ்விரண்டும் வெவ்வேறு அரசுகளிடம், வெவ்வேறு கால அட்டவணையில் நடைபெறுகின்றன.

நோயாளிகள் அறிய வேண்டியவை

* பட்டியலிலுள்ள மருந்தின் உச்சவரம்பு விலையை, விலை நிர்ணய ஆணையத்தின் பார்மா சஹி தாம் செயலியில் பார்க்கலாம். கூடுதல் விலை வசூலிக்கப்பட்டால் ஆணையத்திடம் புகார் அளிக்கலாம்.

* திட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்ட உள்நோயாளியிடம், தொகுப்பில் அடங்கிய மருந்துக்கோ கருவிக்கோ பணம் கேட்கக் கூடாது. கேட்டால், மருத்துவமனையில் உள்ள ஆரோக்கிய மித்ரா பணியாளரையோ 104 என்ற எண்ணையோ தொடர்புகொள்ளலாம்.

* வீடு திரும்பும்போது எத்தனை நாள்களுக்கு மருந்து வழங்கப்படும், தொடர் சிகிச்சைத் தொகுப்பு உண்டா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

* பிற மாநில மருத்துவமனைக்குச் செல்லும் முன், அது ஆந்திரத் திட்டத்தில் இணைந்துள்ளதா, தேவையான சிகிச்சை அங்கே அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

* தொடர்ச்சியாக மருந்து உட்கொள்பவர்கள், மருத்துவரின் ஆலோசனையுடன் மக்கள் மருந்தகங்களில் மூலப்பெயர் மருந்துகளைப் பெறலாம். அவை வணிகப் பெயர் மருந்துகளைவிட 50 முதல் 80 சதவீதம் வரை குறைந்த விலையில் விற்கப்படுகின்றன.

மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்குமாறு நோயாளிகள் கட்டாயப்படுத்தப்படுவது தொடர்பான வழக்கில், தகுந்த கொள்கை முடிவை மாநில அரசுகளே எடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் தெரிவித்தது. உச்சவரம்பு விலை டெல்லியில் முடிவானாலும், தொகுப்புக் கட்டணத்தைத் திருத்துவது, நிலுவையைத் தீர்ப்பது, புறநோயாளிக்கு மாதம் தவறாமல் மருந்து கிடைக்கச் செய்வது ஆகியவை மாநிலத்தின் கையில் உள்ளன. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நோயாளி மருந்துக்காக எவ்வளவு செலவிடுவார் என்பதைத் தீர்மானிக்கப்போவது இம்மூன்றுமே.